வெறும் பக்கத்தில் ஒரு முத்தல் இலை

என்னிடம் ஒரு பழைய கொப்பி இருக்கிறது. நீல அட்டையின் ஓரங்களைப் பூச்சி அரித்துவிட்டது. அட்டையின் மேல் ‘தோட்டக் கமிட்டிக் கூட்டக் குறிப்பு’ என்று என் இளமைக் காலக் கையெழுத்து, அப்போது எனக்கிருந்த தலைக்கனத்தோடு கொட்டை கொட்டையாக இருக்கிறது. உள்ளே பக்கம் பக்கமாகப் பெயர்கள். யார் வந்தார்கள், யார் பேசினார்கள், யார் யாரை எதிர்த்தார்கள் என்று ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கும். அதன் மேலே ‘ஞாயிறு, பீலிக்கரை’ என்று இரண்டே சொற்கள். அதற்குக் கீழே ஒரு தேயிலை காய்ந்து பழுப்பேறி, நரம்பு தெரிய ஒட்டிக் கிடக்கிறது. அது கொழுந்து இல்லை, முத்தல் இலை. கொழுந்து எடுக்கிற எந்தப் பெண்ணும் அதைக் கூடைக்குள் விழ விடமாட்டாள். வீட்டை ஒதுங்க வைக்கும்போதெல்லாம் என் மகள், “இந்தக் குப்பைய இன்னும் எதுக்குப்பா வச்சிருக்கீங்க?” என்பாள். அவள் உயிரோடு இருந்து என்னை இப்படி அதட்டுவதற்கும் அந்த இலைக்கும் சம்பந்தம் உண்டு என்பதை நான் அவளுக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகிற வழியில், பெரிய ரோட்டை விட்டு இரண்டு மைல் கட்டை மேலே ஏறிப் போகிற இடத்தில் இருந்தது. இலங்கை சுதந்திரமடைந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த தோட்டச் சனமென்று எங்களுக்கு ஓட்டு இல்லாமல் போய் அதைவிடக் கொஞ்சம் குறைந்த காலம். நான் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், ரோலர் பக்கம் வேலை பார்த்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்ததாலும், வாய் கொஞ்சம் நீளம் என்பதாலும் என்னைத் தோட்டக் கமிட்டிக்குச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். மதினி என் அண்ணனின் மனைவி. கொழுந்து எடுக்கிறவர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அண்ணன் நெஞ்சு வியாதியில் போன பிறகும் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் தனியாகவே இருந்தார். பிள்ளை இல்லை. லயத்துக்கும் மேலே இருந்த ஊற்றுக்கும் நடுவில், அண்ணன் சரிவை வெட்டிக் கல் அடுக்கித் தட்டையாக்கிய ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் மதினி போஞ்சி, கோவா என்று காய்கறி போட்டிருந்தார். வேலை முடிந்து கூடையை இறக்கியதும் அங்கே போய்விடுவார். சில நாள் களை பிடுங்குவார், சில நாள் சும்மா நிற்பார். நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

எங்களுக்கு இருந்த பெரிய தொல்லை தண்ணீர். இரண்டு லயத்துக்கும் ஒரே ஊற்று. அதை மேட்டு லயத்துக்குப் பக்கத்தில் மூங்கில் வைத்துப் பீலியாக இறக்கியிருந்தார்கள். மேட்டு லயத்துச் சனம் அங்கேதான் குளிக்கும், குடம் நிரப்பும், துணி துவைக்கும். மிச்சத் தண்ணீர் ஓடையாக இறங்கிக் கீழே எங்கள் பள்ளத்து லயத்துக்கு வரும். மழைக் காலத்தில் குறை தெரியாது. தை பிறந்து பனியும் வெயிலுமாக ஊற்று விரல் கனத்துக்கு வந்துவிட்டால் சண்டை தொடங்கும். குடம் உடையும், சில வருடம் மண்டையும் உடையும். அந்த வருடம் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பிள்ளை போய்விட்டது. என் மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. கண் குழி விழுந்து, அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். மருந்து கொடுத்த ஐயா, “குடிக்கிற தண்ணிய மாத்து, இல்லாட்டி நான் குடுக்கறதெல்லாம் வீண்” என்று சொல்லிவிட்டார். தண்ணீரை எங்கே போய் மாற்றுவது?

அந்த நேரத்தில்தான் நோட்டன் பக்கத்து அணைக்கட்டு வேலையில் மிஞ்சிய இரும்புக் குழாய்கள் கொஞ்சம் பெரிய துரையின் கைக்கு வந்தன. ஒரு தொட்டி கட்டச் சிமெண்டும் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு தொட்டிதான். அது எங்கே வேண்டும் என்று நாங்களே பேசி, பத்து நாளில், திங்கட்கிழமை காலையில் ஒரே முடிவாக வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குழாய் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். துரைக்கு எங்கள் இரண்டு லயத்துச் சண்டையும் நன்றாகத் தெரியும். நாங்கள் ஒரு முடிவுக்கு வரமாட்டோம் என்கிற தைரியத்தில்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் ஓர் எண்ணம் உண்டு.

நான் விடுவேனா? அன்றைக்கே பெரட்டுக்களத்தில் கூட்டம் போட்டேன். விடிகிறபோது தப்படிக்கிற சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லோரும் போய் வரிசையில் நிற்கிற, பெயர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கிற களம் அது. முந்நூறு பேர் நிற்க அதைவிட வசதியான இடம் ஏது என்று நினைத்தேன். சனம் வந்தது. யாரும் சொல்லாமலே அவரவர் கங்காணிக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றது. நான், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வழக்கமாக நிற்கிற கல்லின் மேல் ஏறி நின்று, கொப்பியைத் திறந்து, வந்தவர்களின் பெயர்களை வாசித்தேன். “இருக்கேனுங்க, இருக்கேனுங்க” என்று பதில் வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அரை மணி நேரம் பேசினேன். பிறகு, தொட்டி எங்கே வேண்டும் என்று கேட்டேன். மேட்டு லயத்துக் கங்காணிகள் மேலே என்றார்கள், பள்ளத்து லயத்துக் கங்காணிகள் கீழே என்றார்கள், பெரிய கங்காணி தன் வீட்டு வாசலில் வைத்தால் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பின்னால் நின்றவர்களில் யாராவது மறுத்துப் பேச வாயைத் திறந்தால் நான் உடனே பென்சிலை எடுத்து, “பேரு என்னன்னு சொன்னீங்க?” என்று பதிந்துகொள்வேன். அந்த ஆள் அத்தோடு வாயை மூடிக்கொள்வார். இரண்டாவது கூட்டம் கல்லெறியில் முடிந்தது. அந்த இரண்டு கூட்டத்தின் குறிப்புகளும் கொப்பியில் இருக்கின்றன. இன்று படித்தாலும் எழுத்து ஒரு பிழை இல்லாமல் சுத்தமாகத்தான் இருக்கிறது.

நாலு நாள் மிச்சம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் மதினி வந்தார். மருந்து ஐயா சொன்னதிலிருந்து, பிள்ளைக்கென்று ஊற்றுக் கண்ணிலேயே பிடித்த ஒரு குடம் தண்ணீரைத் தினமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். அன்றைக்குக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். “தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க போட்டது கூட்டமில்ல, பெரட்டு” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவர் விடவில்லை. “அந்தக் களத்தில நின்னு இதுவரைக்கும் யாராவது மனசில உள்ளதப் பேசியிருக்காங்களா? அங்க நின்னாலே வாயில ‘ஆமாங்க’தான் வரும். அதுல நீங்க வேற பேர எழுதுறீங்க. பேர எழுதினா பின்னாலயே பத்துச்சீட்டு வரும்னுதானே எங்களுக்குத் தெரியும்.” பத்துச்சீட்டு என்றால் ஆளை வேலையிலிருந்து நிறுத்தித் தோட்டத்தைவிட்டே அனுப்புகிற சீட்டு. அதைக் கேட்டதும் நான் வெடித்துவிட்டேன். நான் என்ன துரையின் ஆளா, குறிப்பெடுப்பது குற்றமா, அவ்வளவு தெரிந்தவர் நீங்களே நடத்திப் பாருங்களேன் என்று கத்தினேன். மதினி பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “நடத்துறேன். ஞாயித்துக்கிழம மத்தியானம், பீலிக்கரையில. கொப்பி மட்டும் வேணாம்” என்றார். மகள் கிடந்த கிடையைப் பார்த்து நான் வாயை அடக்கிக்கொண்டேன். வேறு சமயமாக இருந்தால் ஒத்துக்கொண்டிருக்கமாட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பீலிக்கரைச் சரிவில் சனம் கூடியது. அங்கே ஏறி நிற்கக் கல் கிடையாது, வரிசை கட்டத் தளமும் கிடையாது. சேற்றில் வழுக்காமல் நிற்பதே பெரும் பாடு. கூட்டம் நடத்தப் போவது மதினி என்று தெரிந்ததும் ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மலையில் கொழுந்தெடுக்கப் போனால் ஆளுக்கொரு நிரை பிடிப்பார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவரவருக்கு ஒரு வரிசை, ஒருவர் நிரையில் இன்னொருவர் கை வைப்பதில்லை. மதினி அதே மாதிரி சனத்தைப் பிரித்தார். ஒரு நிரைக்குப் பத்துப் பேர், அதில் ஐந்து பேர் மேட்டு லயம், ஐந்து பேர் பள்ளத்து லயம். கங்காணிக்கும் ஒரு நிரையில் ஒரு இடம்தான். பெரிய கங்காணி, தன் ஆட்களுக்காகத் தானே பேசிவிடுவதாகச் சொல்லிக் குறுக்கே வந்தார். “கங்காணி ஐயா, ஒங்க வீட்டுக்குத் தண்ணிய நீங்கதான் தூக்குறீங்களா?” என்று மதினி மரியாதையாகத்தான் கேட்டார். பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்து போய் நிரையில் நின்றுகொண்டார்.

பிறகு மதினி சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. “தொட்டிங்கற பேச்ச இப்ப யாரும் எடுக்கக் கூடாது. ஒங்க வீட்டுக்குத் தண்ணி எப்ப வருது, எப்படி வருது, யாரு தூக்குறாங்க, அத மட்டும் பக்கத்து ஆளுகிட்டச் சொல்லுங்க. அப்புறம் நான் வந்து கேப்பேன். அப்ப ஒங்க கதைய நீங்க சொல்லக் கூடாது, பக்கத்து ஆளுதான் சொல்லணும்.” தொட்டியைப் பற்றிப் பேசாமல் தொட்டிக்குக் கூட்டமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் சற்று நேரத்தில் சரிவு முழுக்க ஒரு சலசலப்பு எழுந்தது. முந்நூறு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், யாரும் கத்தவில்லை. என் பக்கத்தில் நின்றவர் மேட்டு லயத்துக் கிழவர், காலமெல்லாம் மலையில் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டியவர். எந்தக் கூட்டத்திலும் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பெயர் எழுத வழியில்லாததால் அன்றைக்கு நான் வேறு வேலையில்லாமல் அவர் பேசியதைக் கேட்டேன்.

மதினி நிரை நிரையாக வந்து கேட்டார். மூன்றாவது நிரையில் என் மனைவியும் மேட்டு லயத்துப் பெண் ஒருத்தியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். போன மாதம்தான் இருவரும் குடத்தால் அடித்துக்கொண்டவர்கள். அந்தப் பெண் என் மனைவியின் கதையைச் சொல்லத் தொடங்கினாள். “இவங்க வெடியறதுக்கு முந்தியே எந்திரிச்சு ஓடையில மொள்ளுவாங்களாம். அப்பக்கூட சவுக்கார நொர மெதக்குமாம். பிள்ள படுக்கிற வரைக்கும் அதத் துணியால வடிகட்டித்தான் காய்ச்சிக் குடுத்தாங்களாம்…” அங்கே நிறுத்திவிட்டாள். “அது நான் தொவைக்கிற தண்ணிதான். ராத்திரி ஊறப்போட்டு நான்தான் மொதல்ல தொவைக்கிறேன்” என்றாள். எத்தனையோ வருடமாக நாங்கள் இதைத்தான் கத்திக்கொண்டிருந்தோம். எங்கள் வாயிலிருந்து வந்தபோது அது திட்டாக இருந்தது. அவள் வாயிலிருந்து வந்தபோது சரிவே அமைதியாகிவிட்டது. மேட்டு லயத்துக்காரர்கள் கொழுப்பெடுத்து மேலே துவைக்கவில்லை, கீழே பாறை வழுக்கி ஒருத்தி இடுப்பு உடைந்த பிறகுதான் துவைகல்லை மேலே நகர்த்தினார்கள் என்பதை அடுத்த நிரையில் பள்ளத்து லயத்துக்காரர் ஒருவர் சொல்லி எங்களுக்குத் தெரிந்தது. தொட்டி மேலேயா கீழேயா என்று இத்தனை நாள் அடித்துக்கொண்டோம். குடிக்கிற இடத்துக்கு மேலே துவைக்கிற இடம் இருக்கிறதே, அதை மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் மதினி தொட்டிப் பேச்சை எடுத்தார். கான் வெட்டுகிற கிழவர் முன்னால் வந்தார். “தொட்டி தொவைகல்லுக்கு மேல இருக்கணும். ரெண்டு லயத்துக்கும் கொழாய் தானா எறங்கணும். தொவைக்கிற தண்ணி தனியாக் கான்ல போகணும். அதுக்குத் தட்டையா எடம் வேணும். இந்தச் சரிவில தட்டையா இருக்கறது ஒரே எடந்தான்…” அவர் மதினியின் போஞ்சிப் பந்தலைப் பார்த்தார், பிறகு மதினியைப் பார்த்தார், பேச்சை நிறுத்திக்கொண்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மதினியின் கை இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியைப் பிடித்திருந்தது. “நிறுத்தாதீங்க மாமா, சொல்லுங்க. எடம் யாருதுன்னு பாக்காதீங்க, தண்ணி எப்படி ஓடும்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். கிழவர் சொல்லி முடித்தார். மதினி சம்மதித்துவிட்டார் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். வாய் விட்டு அவரிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கை தூக்கச் சொல்லலாம் என்றேன். மதினி வேண்டாம் என்றார். தன் கூடையைக் கீழே வைத்து, மேலே கம்பளியைப் போர்த்தினார். சரி என்கிறவர்கள் ஒரு கொழுந்து, வேண்டாம் என்கிறவர்கள் ஒரு முத்தல் இலை. ஆளுக்கு இரண்டையும் கிள்ளி வந்து, கம்பளிக்குள் கையை விட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, மற்றதை மூடிய கையோடு கொண்டுபோய் ஓடையில் விட்டுவிட வேண்டும். கண்டாக்கையா பார்த்தால் முந்நூறு கொழுந்து போச்சே என்று நெஞ்சில் அடித்துக்கொள்வார் என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. ஆனால் கூடைக்குக் கிட்டே வந்தபோது ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. தேர்தலில் ஓட்டுப் போட்டுப் பிறகு அது பறிபோனவர்களும் இருந்தார்கள், வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் போட்டிராதவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக மதினி தன் கையை விட்டு எடுத்தார்.

நான்தான் எண்ணினேன். கம்பளியை விரித்துக் கொட்டினால் எல்லாம் கொழுந்து. பத்துப் பத்தாகக் குவித்துக்கொண்டே வந்தபோது அடியில் ஒரே ஒரு முத்தல் இலை கிடந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை, பெரிய கங்காணியின் வேலைதான். துரை ஒரே முடிவு என்றல்லவா கேட்டிருக்கிறார், இது ஒன்று எதற்கு என்று அதை விரலால் சுண்டி ஓடைக்குள் எறியப் போனேன். மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கொழுந்து கிள்ளிக் காய்த்த விரல்கள், வலித்தது. “அதையும் எண்ணுங்க தம்பி” என்றார். “தொரைகிட்டயும் ஒன்னு இருந்துச்சுன்னு சொல்லுங்க.” அன்றிரவு கொப்பியில் இரண்டே சொல் எழுதி, அந்த இலையைக் கீழே ஒட்டி வைத்தேன். மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் அப்படியே சொன்னேன். தொட்டிக்கு இடம் சொல்லி, ஒருவருக்கு இதில் மனமில்லை என்பதையும் சொன்னேன். துரை நம்பவில்லை. சனத்தைப் பார்த்தார். முந்நூறு பேரும் அந்தக் களத்தில் நின்று, முதல் தடவையாக, குனியாமல் அவரைப் பார்த்தார்கள். குழாய் எங்களுக்கே வந்தது.

பந்தலைப் பிரித்ததும் மதினிதான். காய்த்திருந்த போஞ்சியைப் பறித்து இரண்டு லயத்துக்கும் பங்கு வைத்தார். அண்ணன் அடுக்கிய கற்களே தொட்டிக்கு அடித்தளமாகப் போயின. ஒரு மாதத்தில் எங்கள் வாசலில் குழாய்த் தண்ணீர் விழுந்தது. அதற்குள் மகளும் தேறி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தொட்டி கட்டியதால் சண்டையே இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் சண்டை வந்தால் சனம் பீலிக்கரைக்குத்தான் போனது, பெரட்டுக்களத்துக்குப் போகவில்லை. வேலை அளவுக்கும், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவின் கூரைக்கும், பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது வாத்தியார் கேட்டதற்கும் நிரை பிடித்துத்தான் பேசினோம். நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன், கஷ்டப்பட்டுத்தான்.

பத்து வருடம் கழித்து, இந்தியா, இலங்கை என்று இரண்டு அரசாங்கங்களும் எங்களை இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு என்று பிரித்துக் கையெழுத்துப் போட்ட செய்தி பேப்பரில் வந்தது. தொட்டிக் கட்டில் உட்கார்ந்து அதை நான் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “நம்மள யாராவது கேட்டாங்களா தம்பி?” என்றார். இல்லை என்றேன். “ஒரு எலகூடவா?” என்றார். நான் பேப்பரை மடித்து வைத்தேன். பிறகு அவராகவே, “அன்னைக்கு அந்த முத்தல் எல என்னோடதுதான்” என்றார்.

ஒரு நொடி எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிள்ளை சாகக் கிடந்தபோது இவர் வேண்டாம் என்றா போட்டார்? மதினி என் முகத்தைப் பார்த்தார். “குடுக்கணும்னு தெரியும் தம்பி. குடுக்கவும் குடுத்தேன். ஆனா எனக்கு மனசில்ல. ஒங்க அண்ணன் கல்லு கல்லாச் சொமந்த எடம். முந்நூறு பேரையும் மனசில உள்ளதப் போடுங்கன்னு சொல்லிட்டு நான் மட்டும் பொய்யா ஒன்னப் போடவா?” என்றார். கோபம் போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. ஓடையில் எறியப் போனேனே, அது அவருடைய பத்து வருடத் துக்கம். அதையும் எண்ணச் சொல்லிவிட்டு, அடுத்த வாரமே தன் கையால் பந்தலைப் பிரித்திருக்கிறார். மேட்டு லயத்தில் முக்கால்வாசிப் பேர் இந்தியாவுக்கு மனுப் போட்டபோது மதினி இங்கேயே இருப்பதற்குப் போட்டார். சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொன்னார்கள். மனசில் உள்ளதைத்தான் அப்போதும் போட்டார். இந்த மண்ணில்தான் போய்ச் சேர்ந்தார்.

இப்போது நான் ஹட்டன் டவுனில் இருக்கிறேன். கோயில் கமிட்டி, பள்ளிக்கூடக் கமிட்டி என்று கூட்டங்களுக்குக் குறைவில்லை. எல்லோரும் தலையாட்டி, ஏகமனதாக என்று எழுதப் போகிற நேரத்தில் நான் குறுக்கிட்டு, “மனசில்லாதவங்க யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று இளவட்டங்கள் முணுமுணுப்பது காதில் விழும். நான் அசைவதில்லை. நேற்று மகள் மறுபடியும் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இலையை எடுத்து எறிந்துவிடுவாளோ என்ற பயத்தில், அது யாருடையது என்றாவது கீழே எழுதி வைத்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். பெயரை எழுத வேண்டாம் என்று மதினி சொன்ன கூட்டம் அல்லவா அது. பேனாவை மூடிவிட்டு, மகளை உட்காரச் சொன்னேன்.